இரும்புப்பெட்டி நின்ற மூலை

பகாவ். பழைய எஸ்டேட் ஆபீஸ்.
ஜூலைக்குள் பல்கலைக்கழக மண் ஆய்வுக்கூடம் ஆகிவிட வேண்டும்.
நுண்ணோக்கிக்கு இடம் தேடுகிறோம்.
சாலைப் பக்கம் வேண்டாம்,
செம்பனை லாரி ஒன்று போனால் போதும்,
கிருமியெல்லாம் ஆடும் என்கிறார் டாக்டர் நூர்லைலா.
மாடியில் கறையான்.

இருதயநாதன் அதிர்வுமானியை
அறை அறையாக வைத்துப் பார்க்கிறான்.
கிராணி அறை ஆடுகிறது.
துரை அறையும்தான்
(வரைபடத்தில் இப்போது அது விரிவுரை அறை இரண்டு).

சம்பள சன்னலுக்குப் பின்னால், மூலையில்,
முள் அசையவே இல்லை.
துளை போட்டோம். நாலடி ஆழம் கான்கிரீட்.
பணப்பெட்டிக்காகப் போட்டது.
லயத்து வீடுகளுக்கு அஸ்திவாரமே கிடையாது,
போன மாதம் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டியபோது பார்த்தேன்.

“இங்கேயே வைங்க.”
குறித்துக்கொண்டேன்:
சுமை, அகலம், பிளக் நாலு.

சன்னலை அடைக்க வேண்டாமாம்.
மாணவர்கள் மண் பொட்டலங்களை
அதன் வழியாக நீட்டுவார்களாம்.
மரச்சட்டம் நடுவில் மட்டும்
பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது.

மணல்தாளோடு வந்த பையனுக்கு
வேறு வேலை கொடுத்தேன்.