மர்தினில் கடல் இல்லை

மர்தினில் கடல் இல்லை.
கோதுமை வயல், அதற்கப்பால் எல்லைக் கம்பி,
அதற்கும் அப்பால் வெயில்.
கடலில் வாழ்வதெல்லாம் ஆகும் என்று
எங்கள் மத்ஹபு சொல்லியிருந்தது.
தின்னத்தான் எதுவும் இல்லை.
தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்குச்
சமுத்திரம் முழுவதையும் ஹலாலாக்கித் தந்திருந்தார்
இமாம் ஷாஃபி.
போய் வாங்கிக்கொள்ள
ஒரு பகல், ஓர் இரவு பேருந்து.

இப்போது இஸ்தான்புல்லில்,
தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரிகிற
ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து
நாளுக்கு ஆயிரத்து இருநூறு சிப்பி திறக்கிறேன்.
முதலில் அதன் தாடியைப் பிடித்து இழுக்க வேண்டும்
(ஆலிம்கள் மன்னிக்கட்டும்,
அந்த நாருக்குப் பெயரே தாடிதான்).
பிறகு கத்தி. பிறகு அரைவேக்காட்டுச் சோறு,
கருந்திராட்சை, பட்டைத்தூள், மிளகு,
மிளகில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.
மூடி அடுக்கி, மேலே கனத்த தட்டைக் கவிழ்த்து
ஆவியில் வைக்கிறேன்,
வெந்து முடியும்வரை வாய் திறக்காதபடி.

என் தம்பி ஷெர்வான்
மதுக்கடை வாசல்களில் விற்கிறான்.
ஒருவன் ராக்கி மணக்கப் பதினாறு தின்றுவிட்டு
பதினேழாவதன் மேல் எலுமிச்சை பிழியும்போது கேட்டானாம்,
தம்பி, இது ஹராமில்லையே?
உங்களுக்கு ஆகாது அண்ணா, எனக்கு ஆகும்
என்றானாம் இவன்.
அவன் வெகுநேரம் யோசித்தான்.
பிறகு பதினெட்டு.

மேல்மாடியில் வீட்டுக்காரி, முவல்லா ஹனிம்.
கருங்கடல் பக்கம், ஹனஃபி.
நெத்திலியைச் சோற்றில் போடுவாள், ரொட்டியில் போடுவாள்,
விட்டால் தேநீரிலும் போடுவாள்.
ஆனால் மீன் என்றால் மீன்.
செத்து மிதந்தது ஆகாது. ஓடு உள்ளது ஆகாது.
இறால் மீனா இல்லையா என்று
அவள் கணவருக்கும் மைத்துனருக்கும்
பதினோரு வருஷம் பேச்சில்லை,
ஒருவர் மௌத்தாகும் வரை.

ஒருநாள் படியில் நின்று சொன்னாள்:
நீ வேகவைக்கிற வாசனை
குழாய் வழியாக என் படுக்கையறைக்கே வருகிறது.
தின்பதற்குச் சட்டம் இருக்கிறது.
மோப்பத்துக்கு என்ன சட்டம்?
எனக்குத் தெரியவில்லை.
அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் கேட்டார்கள்.
ஷெர்வானுக்குக் காய்ச்சல்.
நள்ளிரவில் அவளே இறங்கி வந்தாள்,
கை மடித்து, மோதிரத்தைக் கழற்றி
ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.
உப்பு பார்த்தது அவள்தான்,
சோறு சிப்பியைத் தொடுவதற்கு முன்.
தொட்ட பிறகு நான்.
எத்தனை மணி என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
விடியப் போகிற நேரத்தில்
ஒரே ஓடு என் விரலையும் கிழித்தது, அவள் விரலையும்.
சுபுஹு பாங்கு.
இரத்தம் ஓடினால் ஒளு முறியும் என்றாள்.
எங்களுக்கு முறியாது என்றேன்.
நல்ல மத்ஹபு, குளிர்காலத்துக்கு ஏற்றது
என்று முணுமுணுத்தபடி
ஐஸ் தண்ணீரில் கழுவப் போனாள்.
பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தேன்.
குனிவதற்கு முன் நான் கைகளை உயர்த்தினேன்.
அவள் உயர்த்தவில்லை.
நெற்றி தரையில் பட்டபோது
பாய் முழுக்கச் சிப்பி வாடை,
எந்தக் கையினுடையது என்று தெரியவில்லை.

கூலி கொடுத்தேன், வாங்கவில்லை.
வேகவைத்த சிப்பி ஒரு தட்டு நீட்டினேன்,
ஆவி முகத்தில் அடிக்க
ஒரு கணம் கண்ணை மூடி நின்றாள்.
தட்டைத் திருப்பித் தந்தாள்.

ஜனவரியில் வாடகையை உயர்த்திவிட்டாள்.
அது ஆகும் என்பதில்
இரண்டு இமாம்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.