ஊசி மாற்றிய அன்று

தோட்டா அறை காலி.
கண்ணால் ஒருமுறை, சுண்டுவிரலால் ஒருமுறை,
பிறகு என்னையே நம்பாமல் இன்னொருமுறை.

செந்தூலில் எங்கள் கம்பெனியின் ஆயுதக் கிடங்கு
பத்துக்குப் பத்து. சன்னல் கிடையாது.
மேசையில் ஏழாம் எண் பம்ப் துப்பாக்கி,
என்னைவிட நான்கு வயது மூத்தது,
மஸ்ஜித் இந்தியா சாலையில் நகைக்கடை வாசலில் நிற்பது.
மாலை முறைக்கு அதோடு நிற்பவர் பூபாலன்.
'இழுத்தால் சிக்குது' என்று சீட்டு வந்திருந்தது.

மூடியைத் திருகினேன், குழல் கழன்றது.
இரண்டு குச்சாணிகளைத் தட்டி
விசைக்கூட்டை வெளியே எடுத்தால்
உள்ளே ஒரு சின்ன பாசார்:
பஞ்சு, மணல், செத்த எறும்பு,
எந்தத் தீபாவளி அலங்காரத்திலிருந்தோ
ஒரு பொட்டு ஜிகினா.
எண்ணெய் பலாப்பிசினாகியிருந்தது.
மண்ணெண்ணெய், பல் துலக்கும் பிரஷ், பழைய பனியன்.

தோட்டாக்குழாயின் சுருள்வில்லை உருவிப்
புதியதன் பக்கத்தில் கிடத்தினேன்.
ஒரு சாண் குட்டை.
வருஷக்கணக்காய் அழுத்தி வைத்ததில்
அதுதான் தன் நீளம் என்று நினைத்துவிட்டது.

முன்பிடி மரம் வெடித்திருந்தது, அதையும் மாற்றினேன்.
குழாயில் வியர்வை உப்பு கருநீலத்தைத் தின்ற இடத்தில்
நான்கு விரல்கள் வெளுத்துத் தெரிந்தன.
என் விரல்களை வைத்துப் பார்த்தேன்.
சேரவில்லை.

கடைசியில் பூட்டு.
அதன் வயிற்றிலிருந்து அடியூசி வந்தது,
நுனி வரவில்லை.
நேற்று முறிந்திருந்தால் பளபளக்கும்.
இது கறுத்திருந்தது.

ஆக, இத்தனை நாளும்
அத்தனை தங்கத்துக்கும் காவல் நின்றது
கனமான ஒரு தடி.
சிரிப்பு வந்தது,
தாவுக்கேயிடம் சொல்ல முடியாத சிரிப்பு.

அப்புறம் தோட்டாக்களைத் துடைத்தேன்.
ஐந்தும் சிவப்பு.
மூன்றாவதன் பித்தளை அடியில், நட்டநடுவில்,
நகம் பட்டதுபோல் மெல்லிய பள்ளம்.

யாரோ இழுத்திருக்கிறார்கள்.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
சம்பவம் என்ற கட்டத்தில் தியாடா, தியாடா, தியாடா.
மலாயில் ஒன்றுமில்லை என்பதற்கு
ஒரே கையெழுத்தில் எட்டு மாதம்.

நான்கு மணிக்கு பூபாலன் வந்தார்.
மூன்றாவதைத் திருப்பிக் காட்டினேன்.
காற்றாடியைப் பார்த்தார்.
"பசியாறியாச்சா தங்கச்சி?"
நான் கையை இறக்கவில்லை.

"நல்ல மழை. ஷட்டர் பாதி இறக்கியாச்சு.
ஹெல்மெட்டோட ஒருத்தன் குனிஞ்சு உள்ள ஓடியாந்தான்,
எதையோ நீட்டுறான்.
நாசி லெமாக், தங்கச்சி.
கடைப் பிள்ளைங்க சொல்லி வச்ச சாப்பாடு.
இடிச் சத்தத்துல 'டிக்'குன்னது அவனுக்குக் கேக்கல.
பதினாலு வெள்ளி அண்ணேன்னான்.
நான்தான் காசு கொடுத்தேன்."

கொஞ்சம் கழித்து,
"இது சுடாதுன்னு தெரிஞ்சப்புறம்தான்
ஒழுங்கா நின்னேன்" என்றார்.

புது ஊசி உள்ளே இருந்தது.
பொய்த்தோட்டா வைத்து இரண்டுமுறை அடித்துப் பார்த்தாயிற்று.
கையெழுத்தும் போட்டாயிற்று,
அன்று பார்த்து அது அழகாக விழுந்திருந்தது.

பழைய ஊசியைக் கேட்டார்.
கணக்கில் இருக்கிறது, தர முடியாது என்றேன்.
மூன்றாவதற்குப் பதில் வேறொன்று வைத்தேன்.
நான்கை எடுத்துக்கொண்டு
ஐந்தாவதை என் பக்கம் உருட்டினார்.
திருப்பி உருட்டினேன்.
மேசை எண்ணெயில் அது தேவைக்கு மேல் ஓடியது.

வண்டி போனதும் கீழே இறங்கினேன்.
பத்துமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது.
மோட்டார்காரர்கள் ஐந்தடிக்குள் ஒதுங்குகிறார்கள்,
ஒருவரும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கைப்பேசியில் நகைக்கடை எண்ணைத் தேடுகிறேன்,
எண்ணெய் விரலுக்குத் திரை நகர மறுக்கிறது.
இன்றைக்கு யாரும்
வெளியே சாப்பாடு சொல்ல வேண்டாம்.