கோட்டுக்கு வடக்கே

அடிலெய்டிலிருந்து மூன்று மணி நேரம்.
கோதுமைத் தாள் குட்டையாகி, இன்னும் குட்டையாகி
ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.
அப்புறம் உப்புப்புதர்தான்.
வேலி இல்லை, பலகை இல்லை.
முன்னொரு காலத்தில் ஒரு நில அளவர்
குதிரையில் வந்து புதர்களின் நிறம் பார்த்து
வரைபடத்தில் இழுத்துவிட்டுப் போன கோடு:
இதற்கு மேலே உழாதீர்கள்.

உழுதார்கள்.
மூன்று வருடம் நல்ல மழை. அதுதான் கெடுத்தது.
ஏர் போகிற பக்கம் மழையும் வரும் என்று
செய்தித்தாளில் போட்டார்கள்.
மழைக்குப் படிக்கத் தெரியாது.

கல்கரூனா
கோட்டுக்கு நான்கு மைல் வடக்கே,
தப்பான பக்கத்தில் இருக்கிறது.
எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.
பெட்ரோல் பங்கில் ஒரு நாய் மட்டும்.
வங்கியாக இருந்த வீட்டின் பெரிய தூண்களுக்கிடையே
யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள்.
ரயில் நிலையத்துக்கு நடைமேடை உண்டு,
தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றாயிற்று.
கதவில் ஒரு சீட்டு:
அருங்காட்சியகம். சாவி அஞ்சலகத்தில்.
அஞ்சலகக் கதவில் இன்னொரு சீட்டு:
ரொட்டிக்கடையில் இருக்கிறேன்.

நொலீன் ட்ரெசைஸ்
பாதி தின்ற பேஸ்ட்டியோடு எழுந்து வந்தாள்.
"காலைத் துடைக்க வேண்டாம்,
தூசியும் காட்சிப்பொருள்தான்."

எல்லா ஊரிலும் இருக்கிற தையல் இயந்திரம்.
எல்லா ஊரிலும் இருக்கிற போர்ப் பட்டியல்,
அதில் யேஷ்கே என்ற பெயர் நான்கு முறை.
அப்புறம், கண்ணாடிக்குள் வைக்காமல்
மேசை மேல் சும்மா கிடந்தது மழைப் பேரேடு.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது முதல்
தினமும் காலை ஒன்பது மணிக்கு.

அந்தக் காலத்தில் மழையைப் புள்ளியில் அளந்தார்கள்.
நூறு புள்ளி ஓர் அங்குலம்.
என் மொழியில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
ஓசை பாதியாகும்.
இங்கே ஒரு புள்ளி கூடினால்
கடைக்காரர் இன்னொரு வாரம் கடன் தருவார்.

பன்னிரண்டு புள்ளி. கன்று ஈன்றது.
இல்லை.
இல்லை. புழுதிக்காற்று.
இல்லை. ஹெஸ்டருக்குக் காய்ச்சல்.
இல்லை.
இல்லை. ஹெஸ்டர்.
மறுநாளும், அதே கையெழுத்தில், ஒன்பது மணிக்கு:
இல்லை.

அடுத்த பக்கத்தைத் திருப்பாமல்
ஊர்ப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன்.
"தண்ணீர் உள்ள இடம் என்று வாசலில் எழுதியிருக்கிறோம்.
எழுதியவருக்கு அந்த மொழி தெரியாது.
போன வருடம் ஙட்ஜூரிப் பெண் ஒருத்தி வந்தாள்,
படித்துவிட்டுச் சிரித்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை."
கொஞ்சம் பொறுத்து:
"கேட்டிருக்கணும்."

பள்ளிக்கூடத்தில் ஙகரத்தை
வரிசைக்காக மட்டுமே எழுதிப் பழகினேன்.
அதில் தொடங்க எங்களிடம் சொல் கிடையாது என்றார்கள்.
இத்தனை வருடம் கழித்து
ஒரு மக்களின் பெயர்
அந்த எழுத்தில் வந்து உட்கார்ந்தது,
இந்தக் கட்டடத்தில் அவர்களுடையது என்று
ஒரு பொருளும் இல்லாத அறையில்.

"ஒன்பதாகப் போகிறது" என்றாள்.
அவளுக்கு முழங்கால் வலி. நான்தான் குனிந்தேன்.
மழைமானியின் அடியில்
ஈரம் என்று சொல்லலாம், துளி என்று சொல்ல முடியாது.
அதில் ஓர் எறும்பு.
"மழையா?"
"பனி" என்றாள், வானத்தைப் பார்க்காமலே.
வானம் பார்த்த பூமி என்று நாங்கள் சொல்வோம்.
இங்கே பார்த்துப் பார்த்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது,
அளப்பதை மட்டும் விடவில்லை.

சுழியம் எழுதினாள்.
குறிப்புக் கட்டத்துக்கு மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எறும்பு, உயிரோடு, என்று எழுதினாள்.

பேரேட்டில் மிச்சம் பதினோரு பக்கம்.
அடுத்தது அலமாரியில், உறை பிரிக்காமல்.
எறும்பு நடைமேடை விளிம்பு வரை போய்
ரயில் வருமா என்று பார்ப்பதுபோல் நின்றுவிட்டு
வடக்குப் பக்கமாக இறங்கியது.

பெட்ரோல் பங்க் பத்து மணிக்குத்தான் திறந்தது.