கம்பத்தை ஒட்டிய மூலை

தாருகானாவில் மழை பிடித்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை.
ஷப்பீர்பாய் சொட்டும் குடையோடு உள்ளே வந்து
துவாலு ஒன்று வேண்டும், விடிவதற்குள் என்கிறார்.
எனக்கு அந்த நாட்டைத் தெரியாது.
அதன் மூலையைத் தெரியும்.

இளநீலத் துணி, ஒன்பது மஞ்சள் நட்சத்திரம்,
கம்பத்துப் பக்கம் மேலே
இன்னொருவர் கொடி,
சட்டைப்பைக்குள் கைக்குட்டை மாதிரி.

பதினோரு வருஷமாய்க் கப்பல்களுக்குத் தைக்கிறேன்.
பழுதுக்கு வருபவை எல்லாம் கிழிந்திருப்பது வால் பக்கம்;
காற்று அங்கேதான் அடித்துத் துவைக்கும்.
கோடுகள் போகும், நட்சத்திரம் நூல்நூலாய்ப் போகும்,
கம்பத்தை ஒட்டிய மூலை மட்டும்
சாயம் மங்கினாலும் முழுசாய்த் திரும்பி வரும்.
காற்றே இல்லாமல் கொடி துவண்டு கிடக்கும் நாளில்
தூரத்துக் கப்பல்காரன் கண்ணுக்கு
அது ஒன்றுதான் படுமாம்.
யோசித்துத்தான் பிடித்திருக்கிறார்கள் இடத்தை.

புதுத்துணி மூலையில் நாங்கள் மஞ்சள் வைப்போம்.
அவர்கள் சிலுவை வைத்தார்கள்.
இதே கரையில் கம்பெனிக் கப்பல்கள் நின்ற நாளில்
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை,
மூலையில் முதலில் ஒரு சிலுவை,
பிறகு சிலுவைமேல் சிலுவை.
அமெரிக்கக்காரர்கள் அதைப் பார்த்துத்தான்
தங்கள் பட்டைகளை வெட்டினார்கள் என்பார் ஷப்பீர்பாய்.
நிச்சயமாய்த் தெரியாது என்றும் அவரே சொல்வார்.

நம் சரக்குக் கப்பல்களின் சிவப்புக் கொடியில்
அந்த மூலையில் இப்போது மூவர்ணம்.
எங்கள் சாலில் பகடிக்கு ஆள் மாறுவது போலத்தான்:
பெயர்ப்பலகை புதுசு,
அறை அதே பத்துக்குப் பன்னிரண்டு.
லயன் கேட்டுக்கு உள்ளே
கடற்படைக் கொடியின் சிவப்புச் சிலுவையை எடுத்தார்கள்,
மூன்று வருஷத்தில் திரும்ப வைத்தார்கள்,
மறுபடி எடுத்தார்கள்.
அந்த வேலை எங்களுக்கு வரவில்லை.
துவாலுக்காரர்களும் ஒருதரம்
மூலையைக் காலி செய்து பார்த்தார்களாம்.
வீடு வெறிச்சென்று இருந்ததோ என்னவோ,
கூப்பிட்டுக் குடிவைத்துவிட்டார்கள்.

இரவு பதினொன்றரை. கரண்ட் போய்ப் போய் வருகிறது.
மற்ற மூலைகள் போல இல்லை இது.
குறுக்கே ஓடும் சிவப்புக்கு
ஒரு பக்கம் அகல வெள்ளை, மறுபக்கம் ஒடுங்கிய வெள்ளை.
கம்பத்தருகே அகலமானது மேலே நிற்க வேண்டும்.
கீழே போனால் தலைகீழ்.
தலைகீழ் என்றால்
ஆபத்து, உதவிக்கு வா.

விடிகாலை பாவுச்சா தக்காவிலிருந்து
படகில் போய்விட்டது கொடி.
கூலிக்கணக்குக்காக எடுத்த படத்தை
ரே ரோடு பிளாட்பாரத்தில் நின்று பெரிதாக்கினேன்.
ஒடுங்கிய வெள்ளை மேலே.

மத்தியானம் சொன்னேன்.
ஷப்பீர்பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
"இதை யார் பார்க்கப்போகிறார்கள், கனியம்மா?"

யாரும் பார்க்கவில்லை.
கொச்சி, கொழும்பு, அதற்கப்பால் திறந்த கடல்.
உலகத்தை ஒரு காலத்தில் சுற்றிவந்த மூலை
தலைகீழாய்ப் பறக்கிறது,
ஒரு தந்தியில்லை, ஒரு போனில்லை,
கூலியில் பத்து ரூபாய்கூடப் பிடிக்கவில்லை.

ராத்திரி அந்தத் தீவைப் போனில் தேடினேன்.
ஒரு தெரு. தெருவுக்கு இந்தப் பக்கம் கடல்,
அந்தப் பக்கமும் கடல்.
வாசற்படி வரை வந்த தண்ணீரில்
செருப்பைக் கையில் பிடித்து நடக்கும் ஒருத்தி.
பெரிய அலை நாளில் எங்கள் தாராவிச் சந்தில்
நானும் அப்படித்தான் பிடிப்பேன்.

கேட்டால் தப்பு என்றுதான் சொல்வேன்.
தைத்தவளுக்குத் தெரியும், தப்புதான்.

அடுத்த ஆர்டர் லைபீரியா.
மூலையில் ஒற்றை நட்சத்திரம், சுலபம்.
அதற்கும் தலை உண்டு, கால் உண்டு.
இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு
ஊசியை இறக்குகிறேன்.