உப்புத்தண்ணி லோடு

புதுவயல் ரோட்டு லாரி செட்டில்
சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு
உமையாள் பட்டுவாடா ஜன்னலைத் திறப்பாள்.
மூன்று நோட்டு, மூன்று அட்டை.
சிவப்பு என்றால் குரூடு.
நீலம், பைப்பு.
பழுப்பு நான்.

குரூடு ஓட்டும் சவரியப்பனுக்கு
நடைக்கு ஆயிரத்து நூற்றைம்பது,
அபாயப்படி தனி,
காலி வண்டி திரும்பினாலும் பாதி உண்டு.
பைப்பு ஏற்றும் நைனாவுக்கு டன் கணக்கு.
ரிக்கு இடம் மாறுகிற மாதம்
அவர் வீட்டில் ஆட்டுக்கறி மணக்கும்,
மாறாத மாதம்
அரிசி மில்லுக்குத் தவிடு அடிக்கப் போய்விடுவார்.
எனக்கு எழுநூறு.
காலியாக வந்தால்
காத்துக்கு யாருப்பா கூலி தர்றது என்பார் ஓனர்.

நான் ஏற்றுவதும் அந்தக் கிணற்றுச் சரக்குதான்.
எண்ணெயும் உப்புத்தண்ணியும்
ஒரே குழாயில்
கட்டிப் புரண்டு மேலே வரும்.
அங்கே ஓர் இரும்பு உருளை.
அதற்குள் கொஞ்ச நேரம் சும்மா கிடக்க விடுவார்கள்.
மிதந்தது சவரியப்பனுக்கு.
அடியில் தங்கியது எனக்கு.

அவன் டேங்குக்குள் நான்கு தடுப்பு.
என்னுடையது சீனி ஆலைக்குப் பாகு சுமந்து
ஓய்ந்துபோன பழைய வண்டி. தடுப்பெல்லாம் கழன்று வருஷமாச்சு.
பிரேக் பிடித்தால்
பத்தாயிரம் லிட்டரும் முதுகில் வந்து முட்டும்,
விட்டால் பின்னுக்கு இழுக்கும்.
வேகத்தடை வந்தால் போதும்,
உள்ளே ஓர் எருமை புரண்டு படுக்கும்.
எருமைக்கு
அபாயப்படி கிடையாது.

சித்திரையில் ஒருநாள், கல்லல் தாண்டி,
கண்மாய் வெடித்துக் கிடந்த ஓர் ஊரில்
மறித்தார்கள்.
பத்துப் பன்னிரண்டு பேர். நாற்பது குடம்,
ரோட்டுக்குக் குறுக்கே.
தப்பு அவர்கள் மேல் இல்லை:
செக்போஸ்டில் கேள்வி வராது என்று
டேங்கின் இரண்டு பக்கமும் 'தண்ணீர்' என்று
ஓனர்தான் எழுதச் சொன்னார்,
நல்ல ஊதா பெயின்டில்.

குடிக்க ஆகாதுத்தா என்றேன்.
எல்லா லாரிக்காரனும் இதத்தான் சொல்றான் என்றாள்
முன்னால் நின்றவள்
(வெள்ளத்தாயி என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்).
இறங்கி வால்வைக் கால் திருகு திறந்தேன்.
உள்ளங்கையில் பிடித்தாள்.
முகர்ந்தாள்.
அப்படியும் நம்பாமல்
நாக்கு நுனியில் வைத்துத்
துப்பினாள்.
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"இதக் கொண்டுபோகவா ஒனக்குச் சம்பளம் தர்றாக?"
எழுநூறு என்றேன்.
அவ்வளவா என்றாள்.

குடங்கள் ஓரமாய் நகர்ந்தன.
ஒரு பச்சைக் குடம் மட்டும் நடு ரோட்டிலேயே நின்றது.
ஹாரன் அடித்தேன், வெகுநேரம்.
ஒரு பையன் டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து
எடுத்துப் போனான்.

அந்தச் சனிக்கிழமை கேட்டுவிடுவதென்று
ஒரு வாரமாய் ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பழகியிருந்தேன்:
ஒரே கிணறு, ஒரே ரோடு, ஒரே டீசல்.
ஜன்னலில் உமையாள் நிமிரவில்லை.
டேங்க் கழுவினது நூற்றிருபது கழிச்சிருக்கு என்றாள்.
சவரியப்பனுக்குக் கழிக்கலையே?
அண்ணே, எண்ணெய் துருப்பிடிக்காது.
வரிசை பின்னாலிருந்து தள்ளியது.
அவ்வளவா என்ற குரல்
எங்கிருந்தோ வந்து
என் பேச்சின் மீதியை வாங்கிக்கொண்டது.
கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.
டீக்கடைப் பக்கம் நின்ற சவரியப்பனிடம்
சீட்டைக் காட்டு என்றேன்.
ஒன்பது வருஷமாய் ஒன்றாய்ச் சாப்பிடுகிறோம்,
பீடி மாற்றிக்கொள்கிறோம்,
சீட்டை மட்டும் யாரும் யாருக்கும் காட்டியதில்லை.
முதலில் சிரித்தான்.
பிறகு சட்டைப் பையிலிருந்து
நாலாய் மடித்ததை எடுத்து
என் வண்டி பானெட்டில் வைத்தான், சூட்டோடு சூடாக.
நான் என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன்.
நைனா வந்தார்,
என்னப்பா சூதாட்டமா என்று கேட்டுவிட்டுத்
தன்னுடையதையும் வைத்தார்.

செல்போன் வெளிச்சத்தில் குனிந்தோம்.
நைனா கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருந்தார்.
நான் வாசிக்கத் தொடங்கினேன்,
அவருடையதை முதலில்.