அறுபதாவது நிமிடம்

அறுபதாவது நிமிடத்தில்
ஏழாம் எண்ணை இடப்பக்கம் மாற்றுவார்.
எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் அவர் பெஞ்சில்
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான்.
தண்ணீர் பாட்டில் நிரப்பியதும்
வீங்கிய கணுக்காலுக்கு ஐஸ் வைத்ததும்
லேட்டாக வந்தவனை மைதானம் சுற்ற விட்டதும் நான்தான்.

இப்போது எதிர் பெஞ்ச்.
ஐம்பத்தெட்டிலேயே என் ரைட் பேக்கிடம்
கண் காட்டிவிட்டேன்.

பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது கோப்பை.
வியாசர்பாடியில் லாசர் சலூனில்கூட
ஞானசிகாமணி மாஸ்டர் படம், மாலையோடு.
உசிரோட இருக்கிறவருக்கு ஏன்யா மாலை என்றால்
லாசர் கத்தரியை நிறுத்தாமல் சொல்வான்:
இது கப்பு மாலை.

வயசாயிடுச்சு என்கிறார்கள்.
சுகர் என்கிறார்கள்.
பசங்க முன்ன மாதிரி இல்ல, எல்லாம் போனு.
காலேஜ்காரன் சீட்டை வித்துட்டான்.
இருக்கலாம்.
அவரைவிட சுகர் ஏறியவர்கள்
கப்பு தூக்கிப் பார்த்திருக்கிறேன்.

அவர் ஆள் பிடித்தது மைதானத்தில் அல்ல.
ஜீவா ஸ்டேஷனில் நகர்ந்துவிட்ட ரயிலை
எட்டிப் பிடித்தவனுக்காக
மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்றார்,
முதலில் எந்தக் கால் வைக்கிறான் பார்க்க.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
செத்துப்போன பைக்கை
ஒற்றை ஆளாய்த் தள்ளிப்போன குட்டையனிடம்
"பேரு இன்னாடா?" என்றார்.
துரைசிங். நாலு வருடம் அவன்தான் எங்கள் நடுக்களம்.

ராத்திரியில்
கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கோடு கிழித்து
தீக்குச்சிகளை நிறுத்துவார்.
ஒன்றை நகர்த்திவிட்டு
"நீ இன்னா சொல்றே?"
ஓட்டை மாஸ்டர் என்பேன்.
திட்டுவார், என் ஊரையும் சேர்த்து.
விடிவதற்குள் குச்சி
நான் சொன்ன இடத்துக்கு வந்திருக்கும்.

ஆறாவது கோப்பைக்குப் பிறகா
ஏழாவதுக்கா
நினைவில்லை.
கேட்பதை நிறுத்தியிருந்தார்.
சொட்டிக்கொண்டே இருந்த குழாய் நின்றுபோனதை
எந்த நாளில் கவனிக்கிறோம்?

நானும் யோக்கியன் இல்லை.
ஓட்டை தெரிந்தது.
ஜெயித்துக்கொண்டிருக்கிறவரிடம் அதைச் சொல்ல
வாய் வரவில்லை.
தலையாட்டினேன்.
ஆட்டிய தலைக்கும் மெடல் மாட்டினார்கள்.

பிறகு பையன்கள் தாங்களே வந்தார்கள்
சான்றிதழோடு, வீடியோவோடு,
ஒருவன் வட்டச் செயலாளர் கடிதத்தோடு.
ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.
சனிக்கிழமை பாராட்டு விழா.
ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடை திறப்பு.
அவரிடம் ஆடியவர்கள் ஏழு கல்லூரிகளில் கோச்.
வாரா வாரம் அவரை எதிர்த்து ஆடியது
அவருடைய பழைய பத்திரிகைகளின் பின்பக்கம்.

அன்றைக்கு மூன்றுக்கு சைபர்.
கொடுங்கையூர்ப் புகை கோல் கம்பம் வரை இறங்கியிருந்தது.
கடைசி விசிலுக்குப் பிறகு
கோட்டைத் தாண்டி வந்து கை கொடுத்தார்.
உள்ளங்கை நனைந்திருந்தது.
"அந்த ரைட் பேக் யாரு?"

எத்தனை வருடம் கழித்து ஒரு கேள்வி.

"அமலன், மாஸ்டர். காசிமேடு.
விடியக்காலைல ஏலத்துல கூடை தூக்குறான்."
"எங்க பிடிச்சே?"
"ஏலத்துலதான்."
விரலை மடக்கி எதையோ எண்ணினார்.
பிறகு தன் பையன்கள் நின்ற பக்கம் திரும்பி
யாரையோ கூப்பிட வாயெடுத்தார்.
பெயர் வரவில்லை.
விசில் ஊதினார்.
நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

எனக்கு இது மூன்றாவது கோப்பை.
லாசர் என்னிடம் போட்டோ கேட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை பயிற்சியில்
என் அசிஸ்டன்ட் யோவான் கோட்டோரம் வந்து
"சார், அந்த கார்னர்ல நாம ஒரு..." என்று
ஆரம்பித்தான்.
அவன் முடிக்கும்போது
விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது.