கூட வந்தவர்

காட்பாடியில் இறங்கிய களைப்போடு
விடியலில் வருவார்கள்,
இரண்டு ராத்திரி ரயில்.
மால்டா, பாலூர்காட், பாங்குரா.
அவர்கள் எழுத்தில் எழுதிய பேரேட்டை
மேனேஜர் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

காந்தி ரோட்டு லாட்ஜில்
மூன்றாம் மாடி பெருக்குகிறவள் நான்.
ஒன்பது வருஷத்தில் கற்ற வங்காளம்:
ஜோல், தண்ணீர். ஜோர், காய்ச்சல்.
பேதா, வலி.
ரொக்தோ.

எக்ஸ்ரே படத்தை டியூப் லைட்டில் பிடித்து
ஆளுக்கொரு விதமாய் நம்புவார்கள்.
நிலம் விற்ற பணம் தலையணை உறைக்குள்.
உறை மாற்றப் போனால் மட்டும்
எழுந்து நிற்பார்கள்.

ஜன்னலைத் திறந்தால் எதிரே ஆஸ்பத்திரி.
நூறு அடி இருக்காது.
எனக்கு
நின்று இரண்டு வருஷமானது
ஆடியில் திரும்ப வந்தது.
இது கார்த்திகை.

சூடு, வெந்தயம் ஊறவெச்சிக் குடி என்றாள் அண்ணி.
மருந்துக்கடைப் பையனிடம்
தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.
செவ்வாய் வந்தால் குழுக்கடன்.
காப்பீட்டு அட்டையில் குடும்பத் தலைவர் அவர்.
அவர் ஆற்காட்டில்
வேறு குடும்பத்துக்குத் தலைவர்.

அடுக்கம்பாறைக்கு ஒருநாள் போனேன்தான்.
வரிசை நகர்ந்து நகர்ந்து ஜன்னலுக்கு வந்ததும்
"கூட யாரும்மா வந்துகீறது?"
திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் நின்றது
அடுத்த நோயாளி.

பதினான்காம் அறை ஷிபானி
புருஷனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு
டம்ளர் கழுவ வந்தவள்
படியில் என் புடவையைப் பார்த்தாள்.
ரொக்தோ, என்றாள்.
தெரிந்த வார்த்தைதான்.
துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தன் சால்வையை என் இடுப்பில் சுற்றி
மணிக்கட்டைப் பிடித்து ரோட்டில் இறங்கினாள்.
ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திய தோரணையில்
அவள் இந்த ஊர்க்காரி,
நான்தான் நேற்று ரயிலிறங்கியவள்.

கவுன்ட்டரில் பணம் அவள் கட்டினாள்.
நிலத்தில் எந்த மூலையோ அந்தத் தாள்.
பேர் சிந்தாமணி.
வயசு, ஐம்பத்துமூணு போடுங்க.
கூட வந்தவர் என்ற கோட்டில்
ஷிபானி தன் எழுத்தில் எழுதினாள்.
கவுன்ட்டர் பெண்ணும் சாய்த்துப் பார்த்தாள்.
"உறவு?"
பேனா நின்றது.

இடுப்பில் போன் அதிர்கிறது.
பன்னிரண்டாம் அறை காலியாகியிருக்கும்.
படி பாதிதான் துடைத்தேன்.
வாளியை நடுவிலேயே வைத்துவிட்டு வந்தேனே,
யாராவது தடுக்கி விழப்போகிறார்கள்.